சில ஆயிரம் ரூபாய் டச் போன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள தொடுதிரைக் கைப்பேசிகளைப் பற்றிய சந்தேகங்களை எழுதி அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். எந்தப் போனை வாங்கலாம் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. கையில் இருக்கும் போனை இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு எப்படிக் கட்டிக் காப்பது என்பதுதான் பெரும்பாலோரின் கவலையாக இருந்தது. அந்தக் கவலை மிக நியாயமானது என்பதால் அத்தகைய கடிதங்களுக்கே இம்முறை முதலிடம் தந்திருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரையும் தொழிலையும் மட்டும் குறித்துள்ளோம்.

கேள்வி: மகன் வாங்கிக் கொடுத்த டச் போனில் நான் எத்தனை முறை தொட்டாலும் சில நேரம் ஒன்றும் நடப்பதில்லை. சில நேரம் நான் கேட்காத எதுவோ திறந்துகொள்கிறது. அழைப்பு வந்தால் பச்சை வட்டத்தை அழுத்திக்கொண்டே இருக்கிறேன், மணி அடித்து ஓய்ந்துவிடுகிறது. பேத்தி தொட்டால் உடனே வேலை செய்கிறது. குறை என் விரலிலா, போனின் விலையிலா?
— ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர், புதுக்கோட்டை

பதில்: அம்மா, பேத்தியின் விரலுக்கு அந்தப் போன் வேலை செய்கிறது என்றால் போனில் பெரிய பழுது இருக்க வாய்ப்பில்லை, உங்கள் விரலிலும் குறை இல்லை. இன்று விற்கும் தொடுதிரைகள், விலை மிகக் குறைந்தவை உட்பட, அழுத்தத்தை உணர்வதே இல்லை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திப் பூச்சு ஒன்று கட்டம் கட்டமாக ஓடுகிறது. நம் உடலும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் விரல் நெருங்கும் இடத்தில் அந்தப் பூச்சின் மின்தேக்கம் சிறிது மாறுகிறது. எந்தக் கட்டத்தில் மாறியது என்று கணக்கிட்டுத்தான் போன் நாம் தொட்ட இடத்தை அறிந்துகொள்கிறது. முன்பு வந்த மலிவான டச் போன்கள் வேறு வகை. அவற்றில் இரண்டு மெல்லிய படலங்கள் ஒன்றோடொன்று முட்டும்படி அழுத்த வேண்டும், நகத்தாலும் குச்சியாலும்கூட அவை வேலை செய்யும். அந்த நினைவிலோ பட்டன் போன் பழக்கத்திலோ இன்றைய திரையை ஊன்றி அழுத்துபவர்கள் ஏராளமானோர். ஊன்றி அழுத்துவதால் விரல் திரையில் அதிக நேரம் தங்குகிறது, அதைப் போன் 'நீண்ட அழுத்தம்' என்று புரிந்துகொண்டு வேறொரு பட்டியலைத் திறந்துவிடுகிறது. நீங்கள் கேட்காத எதுவோ திறப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இதற்குப் போனிலேயே ஒரு மாற்று வழி இருக்கிறது. செட்டிங்ஸில் 'அணுகல்தன்மை' என்ற பகுதிக்குள் தொட்டுப் பிடிப்பதற்கான கால அளவைக் குறிக்கும் அமைப்பு ஒன்று உண்டு; அதைக் குறுகிய அளவிலிருந்து நீண்ட அளவுக்கு மாற்றச் சொல்லுங்கள். அதன் பிறகு விரல் சற்று அதிக நேரம் தங்கினாலும் போன் அதை வெறும் தொடுதலாகவே எடுத்துக்கொள்ளும். கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் இது பேருதவியாக இருக்கும்.

தொட்டும் ஒன்றும் நடக்காத நேரங்களுக்குக் காரணம் பெரும்பாலும் தோலின் வறட்சி. வயது கூடக்கூட விரல் நுனியில் ஈரப்பசை குறைகிறது. பல ஆண்டுகள் அடுப்படியிலும் பாத்திரச் சோப்பிலும் புழங்கிய கை என்றால் சொல்லவே வேண்டாம். விரல் நுனியைச் சற்றுத் தேய்த்துவிட்டு, நகம் படாமல், சதைப்பகுதி முழுவதும் படும்படி மெல்லத் தொட்டுப் பாருங்கள். அதே வேளையில் ஈரக் கையும் ஆகாது, ஏனென்றால் திரையில் ஒட்டிய நீர்த்துளியையும் போன் விரல் என்று எண்ணிக்கொள்ளும். திரையின் மேல் கடைக்காரர் ஒட்டிய கண்ணாடி தடிமனாகவோ, ஓரத்தில் தூக்கிக்கொண்டோ இருந்தால் அதை ஒரு முறை எடுத்துவிட்டுச் சோதித்துப் பார்ப்பதும் நல்லது.

பச்சை வட்டத்துக்கு வருவோம். போன் பூட்டியிருக்கும்போது அழைப்பு வந்தால் பல போன்களில் அந்த வட்டத்தை அழுத்தக் கூடாது, தள்ள வேண்டும். விரலை வட்டத்தின் மேல் வைத்து, எடுக்காமல், மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ இழுத்துவிட வேண்டும். வேறு ஏதோ பார்த்துக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தால் மட்டும், திரையின் மேற்பகுதியில் சிறு பட்டையாக வரும் பொத்தானைத் தொட்டால் போதும். சட்டைப்பையிலோ பையிலோ தவறுதலாகப் பட்டு அழைப்பு எடுபட்டுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. இதை உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் குறை. சில போன்களில் ஒரே தொடுதலில் அழைப்பை எடுக்கும்படி மாற்றிக்கொள்ளும் வசதியும் வந்திருக்கிறது. மகன் வரும்போது அழைப்புச் செயலியின் அமைப்புகளில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை, வீட்டில் இன்னொரு போனிலிருந்து பேத்தியை நான்கைந்து முறை அழைக்கச் சொல்லி, தள்ளி எடுக்கப் பழகுங்கள்.

கேள்வி: 32 ஜிபி போன் வைத்திருக்கிறேன். நான் எதையும் ஏற்றவில்லை. ஆனாலும் 'சேமிப்பிடம் இல்லை' என்று தினமும் எச்சரிக்கை வருகிறது, போன் ஆமை வேகத்தில் நகர்கிறது. புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டுமா?
— தேநீர்க் கடை உரிமையாளர், கரூர்

பதில்: வாங்க வேண்டாம், ஐயா. நீங்கள் ஏற்றவில்லை என்பது உண்மை; ஆனால் உங்களுக்கு வரும் ஒவ்வொரு காலை வணக்கப் படமும், கோயில் காணொளியும், அரசியல் துணுக்கும் உங்கள் அனுமதி இல்லாமலேயே போனில் இறங்கிக்கொண்டிருக்கின்றன. 32 ஜிபி என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் அதில் ஒரு பெரும்பகுதியை ஆண்ட்ராய்டும் நிறுவனம் முன்கூட்டியே வைத்துத் தரும் செயலிகளும் எடுத்துக்கொள்கின்றன. மிச்சமிருக்கும் இடத்தை நான்கு வாட்ஸ்அப் குழுக்கள் நிரப்புவதற்கு வெகுகாலம் ஆகாது.

முதலில் வரத்தை நிறுத்துங்கள். வாட்ஸ்அப் அமைப்புகளில் 'சேமிப்பகமும் தரவும்' என்ற பகுதியில் ஊடகங்கள் தானாக இறங்குவது பற்றிய மூன்று வரிகள் இருக்கும்: மொபைல் டேட்டாவில் இருக்கும்போது, வைஃபையில் இருக்கும்போது, ரோமிங்கில் இருக்கும்போது. மூன்றிலும் எல்லாக் குறிகளையும் எடுத்துவிடுங்கள். இனி நீங்கள் தொட்டால்தான் படம் இறங்கும், டேட்டாவும் மிச்சப்படும். அடுத்து, அதே பகுதியில் உள்ள சேமிப்பக நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால், 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளும், பலமுறை பகிரப்பட்டு வந்தவையும் தனித்தனியே தொகுக்கப்பட்டிருக்கும். பலமுறை பகிரப்பட்டவை என்ற தொகுப்பை அனேகமாக அப்படியே நீக்கிவிடலாம். பெரிய கோப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்குங்கள், ஏனென்றால் மகள் திருமணக் காணொளியும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகளைக் கட்டாயம் சொல்ல வேண்டும். செயலிகளின் பட்டியலில் ஒன்றைத் திறந்தால் 'கேச் நீக்கு' என்றும் 'தரவு நீக்கு' அல்லது 'சேமிப்பகத்தை அழி' என்றும் இரண்டு பொத்தான்கள் அருகருகே இருக்கும். முதலாவது தற்காலிகக் குப்பையை மட்டும் அகற்றும். இரண்டாவது அந்தச் செயலியைப் புதிதாக நிறுவிய நிலைக்குக் கொண்டுபோய்விடும். வாட்ஸ்அப்பில் அதைத் தொட்டால், காப்புப் பிரதி இல்லாதவர்களின் உரையாடல்கள் எல்லாம் போய்விடும். இன்னொன்று கூகுள் போட்டோஸ் பற்றியது. அதில் காப்பு எடுக்கும் வசதி இயங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு படத்தைச் சாதாரணமாக நீக்கினால், போனில் இருக்கும் பிரதியோடு இணையத்தில் சேமித்த பிரதியும் சேர்ந்தே நீங்கும். போனிலிருந்து மட்டும் நீக்க வேண்டுமானால் இடத்தைக் காலி செய்வதற்கென்று அதில் உள்ள தனிப் பொத்தானைத்தான் பயன்படுத்த வேண்டும். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது மொத்தம் 15 ஜிபி. மின்னஞ்சல், படங்கள், 2024 முதல் வாட்ஸ்அப்பின் காப்புப் பிரதி எல்லாமே அந்த 15 ஜிபிக்குள்தான் அடங்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வேகம் குறைந்ததற்கும் இடமின்மைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் 'இஎம்எம்சி' வகைச் சேமிப்பகத்தையே வைக்கிறார்கள். விலை கூடிய போன்களில் இருக்கும் 'யுஎஃப்எஸ்' வகையைவிட இது இயல்பிலேயே மெதுவானது. பெரும்பகுதி நிரம்பிவிட்டால், புதிதாக ஒன்றை எழுதும் முன் பழைய துண்டுகளை ஒதுக்கி இடம் செய்ய வேண்டியிருப்பதால் இன்னும் தள்ளாடும். நான்கைந்து ஜிபியாவது எப்போதும் காலியாக இருக்கட்டும். மெமரி கார்டு போட இடம் இருந்தால் படங்களையும் பாட்டுகளையும் அதற்கு மாற்றுங்கள். நடைபாதையில் மிக மலிவாக விற்கும் பெரிய கொள்ளளவு கார்டுகளை மட்டும் வாங்கிவிடாதீர்கள். மேலே அச்சிட்ட அளவு உள்ளே இருக்காது, அந்த உண்மையான அளவைத் தாண்டியதும் படங்கள் கெட்டுப்போகும்.

கேள்வி: நான் வாங்கிய போனின் பெட்டியில் 8 ஜிபி ரேம் என்று பெரிதாகப் போட்டிருந்தது. போனுக்குள் பார்த்தால் 4 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
— கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அந்த 8 என்ற எண்ணுக்கு அருகில் ஒரு சிறு நட்சத்திரக் குறி இருக்கும்; அதற்கான விளக்கம் பெட்டியின் அடியில் மிகச் சிறிய எழுத்தில், 4 ஜிபி ரேம், கூடுதலாக 4 ஜிபி மெய்நிகர் ரேம் என்று அச்சாகியிருக்கும். ரேம் என்பது செயலிகள் இயங்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம். சேமிப்பகத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, ரேம் நிரம்பும்போது அங்கே தள்ளிவைப்பதற்குத்தான் மெய்நிகர் ரேம் என்று பெயர். சேமிப்பகம் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது என்பதால் இரண்டையும் கூட்டி 8 என்று சொல்வது சரியான கணக்கு ஆகாது. இந்த விளம்பர முறையை நாங்கள் ஏற்கவில்லை. வாங்குபவர் படிக்க முடியாத எழுத்தில் உண்மையைச் சொல்வது சொல்லாததற்குச் சமம். சேமிப்பிடம் குறைவாக உள்ள போன் என்றால் இந்த வசதியை அணைத்துவிட்டால் ஒதுக்கிய இடம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.

4 ஜிபி ரேமே படிப்புக்கும் பேச்சுக்கும் பணப் பரிமாற்றத்துக்கும் போதுமானது. 2017 டிசம்பரில் கூகுள் வெளியிட்ட 'ஆண்ட்ராய்டு கோ' என்ற மெலிந்த பதிப்பு 1 ஜிபியும் அதற்குக் குறைவான ரேமும் உள்ள போன்களுக்காகவே உருவானது. ஆண்ட்ராய்டு 13 முதல் அதற்கே குறைந்தது 2 ஜிபி ரேமும் 16 ஜிபி சேமிப்பகமும் வேண்டும் என்று உயர்த்திவிட்டார்கள். ஆகவே இனி வாங்குபவர்கள் 2 ஜிபி ரேம் போனைத் தவிர்ப்பது நல்லது. இரண்டு ஆண்டுகளில் அது திணறத் தொடங்கிவிடும்.

கேள்வி: பூக்கடையில் க்யூஆர் அட்டை வைத்திருக்கிறேன். ஏழாயிரம் ரூபாய் போனில் வங்கிக் கணக்கை இணைப்பது ஆபத்து, விலை உயர்ந்த போன்தான் பாதுகாப்பு என்று என் தம்பி பயமுறுத்துகிறான்.
— பூ வியாபாரி, திண்டுக்கல்

பதில்: பணம் வங்கியில் இருக்கிறது, போனுக்குள் இல்லை. யுபிஐ செயலி உங்கள் சிம் கார்டோடும் அந்தக் குறிப்பிட்ட போனோடும் பிணைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் உங்கள் ரகசிய எண் இல்லாமல் ஒரு பெரிய தொகையும் வெளியே போகாது. இந்த ஏற்பாடு ஏழாயிரம் ரூபாய் போனுக்கும் எழுபதாயிரம் ரூபாய் போனுக்கும் ஒன்றுதான். திருடர்கள் போனை உடைத்துக்கொண்டு உள்ளே வருவது அபூர்வம், அம்மா. பேசி, அவசரப்படுத்தி, நம் விரலாலேயே கதவைத் திறக்க வைப்பதுதான் அவர்களுடைய தொழில்.

ஆகவே நீங்கள் மனத்தில் நிறுத்த வேண்டிய முதல் விதி இது: பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், அந்த எண்ணைப் போடுங்கள் என்று யார் சொன்னாலும், அவர் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப் பார்க்கிறார். அடுத்தது உங்கள் தொழிலுக்கே உரியது. வாங்குபவர் தன் போனில் காட்டும் பச்சை நிறப் 'பணம் செலுத்தப்பட்டது' திரையை நம்பி மாலையைக் கொடுத்துவிடாதீர்கள். அதே போலத் தோற்றமளிக்கும் போலித் திரைகளை உருவாக்கும் செயலிகள் உலவுகின்றன. உங்கள் போனில் தகவல் வந்திருக்க வேண்டும், அல்லது கடையில் வைத்திருக்கும் ஒலிப்பெட்டி தொகையைச் சொல்லியிருக்க வேண்டும். முகூர்த்த நாள் கூட்டத்தில் இதைச் சரிபார்ப்பது சிரமம் என்பது எங்களுக்குத் தெரியும், அப்படிப்பட்ட நாளையே ஏமாற்றுபவர்களும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இன்னொரு வலை, வாட்ஸ்அப்பில் வரும் 'ஏபிகே' கோப்பு. திருமண அழைப்பிதழ் என்றும், போக்குவரத்து அபராதச் சீட்டு என்றும், வங்கியின் கேஒய்சி புதுப்பிப்பு என்றும் பெயர் தாங்கி வரும். அழைப்பிதழ் என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது ஒரு செயலி. அதை நிறுவ அனுமதித்தால், வங்கி அனுப்பும் ஓடிபி எண்களை உங்களுக்கு முன்னால் அது படித்துவிடும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் தொடாதீர்கள், ஏனென்றால் அவருடைய போன் ஏற்கெனவே சிக்கியிருக்கலாம். அதுபோலவே, உதவி செய்கிறோம் என்று அழைத்துத் திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவச் சொல்பவர்களை உடனே துண்டித்துவிடுங்கள்.

விலை குறைந்த போனில் உண்மையான பலவீனம் ஒன்று உண்டு, தம்பி சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது: பாதுகாப்புப் புதுப்பிப்புகள் சில போன்களுக்குச் சீக்கிரமே நின்றுவிடுகின்றன. செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதியில் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால், கடைசியாக வந்த பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதி தெரியும். அது இரண்டு மூன்று ஆண்டுகள் பழையது என்றால், யுபிஐயில் சேமிப்புக் கணக்கை இணைப்பதைவிட, கடை வரவுக்கென்று தனியாக ஒரு கணக்கு வைத்து அதை மட்டும் இணைத்து, மாலையில் தொகையை மற்றொரு கணக்குக்கு மாற்றிவிடுவது நல்லது. அப்படியும் பணம் பறிபோனால், தயங்காமல் உடனே 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணை அழையுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் இடையிலேயே முடக்கும் வாய்ப்பு, எவ்வளவு விரைவாகப் புகார் செய்கிறோம் என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

கேள்வி: சார்ஜ் போட்டிருக்கும்போது போன் தானாகவே குதித்துக் குதித்து எதை எதையோ திறக்கிறது. பேய் பிடித்தது போல் இருக்கிறது. வயரை எடுத்தால் சரியாகிவிடுகிறது.
— வாடகைக் கார் ஓட்டுநர், திருவண்ணாமலை

பதில்: வயரை எடுத்தால் சரியாகிறது என்று நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள். தொடுதிரை மிக நுண்ணிய மின் மாற்றத்தைக் கவனித்து இயங்குவது என்று முதல் பதிலில் சொன்னோம். தரமற்ற சார்ஜரிலிருந்து வரும் மின்சாரத்தில் இரைச்சல் கலந்திருக்கும். அந்த இரைச்சலைத் திரை விரல் தொடுதல் என்று எண்ணி ஏமாறுகிறது. போனோடு வந்த சார்ஜரில் ஒரு நாள் போட்டுப் பாருங்கள், பேய் ஓடிவிடும்.

புதிதாக வாங்குவதென்றால் சார்ஜரின் உடலில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குறியும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் இட்டால், எந்த நிறுவனத்துக்கு அளிக்கப்பட்ட எண் என்று காட்டும். சார்ஜரில் இருக்கும் பெயரும் அதுவும் ஒன்றாக இல்லை என்றால் குறியும் போலியாக இருக்கலாம். வோல்ட் எண்ணையும் ஆம்பியர் எண்ணையும் பெருக்கினால் வாட் கிடைக்கும்: 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட். போன் ஏற்கும் வாட்டைவிடக் கூடுதலானதை வாங்குவதால் வேகம் கூடப்போவதில்லை.

ஓட்டுநர் என்பதால் ஒன்று கூடுதலாகச் சொல்கிறோம். சித்திரை வெயிலில் முன்கண்ணாடிக்கு அடியில் தாங்கியில் நிற்க வைத்து, வரைபடத்தையும் ஓடவிட்டு, சார்ஜும் போட்டால் லித்தியம் அயன் பேட்டரிக்கு மூன்று பக்கமும் சூடு. சூடுதான் அதன் ஆயுளைக் குறைக்கும் முதல் எதிரி. ஏசி காற்று வரும் துளைக்கு எதிரே தாங்கியை மாற்றுங்கள். எப்போதும் 20 விழுக்காட்டுக்கும் 80 விழுக்காட்டுக்கும் இடையில் வைத்திருந்தால் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும். சவாரிக்குத் தேவையென்றால் முழுதும் ஏற்றுவதில் தவறில்லை. பின்மூடி உப்பினாலோ, திரை ஓரத்தில் எழும்பினாலோ அன்றோடு சார்ஜ் போடுவதை நிறுத்திப் பழுதுபார்க்கும் இடத்துக்குக் கொண்டு செல்லுங்கள். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்.

கேள்வி: அறுபத்தெட்டு வயதான அம்மா விளம்பரங்களை எல்லாம் தொட்டுவிடுகிறார். ஒருநாள் போன் தானாகப் பேச ஆரம்பித்து எதையும் திறக்க முடியாமல் போய்விட்டது. பட்டன் போனுக்கே மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறோம்.
— தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்

பதில்: அம்மாவிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. காணொளி அழைப்பில் பேரக்குழந்தையைப் பார்ப்பதும், ஊர்க் கோயில் திருவிழாவை நேரலையில் பார்ப்பதும் அவருக்கு அந்தப் போனால்தான் கிடைத்திருக்கிறது. தவறாகத் தொட்டுவிட்டார் என்பதற்காக அதைப் பறிப்பது, தெரியாததைக் கற்றுக்கொள்ள முயன்றதற்குத் தண்டனை கொடுப்பதாகிவிடும். அவரே பட்டன் போன் போதும் என்றால் மாற்றிக் கொடுங்கள்; இல்லையென்றால் போனை அவருக்கேற்றபடி சீர்செய்து கொடுங்கள்.

போன் பேச ஆரம்பித்தது பழுதல்ல. பார்வையற்றோருக்காக ஆண்ட்ராய்டில் உள்ள 'டாக்பேக்' வசதி தவறுதலாக இயங்கியிருக்கிறது. அது இயங்கும்போது ஒரு முறை தொட்டால் அந்த இடத்தில் உள்ளதைப் படித்துக் காட்டும், இரண்டு முறை அடுத்தடுத்துத் தட்டினால்தான் திறக்கும், இரண்டு விரல்களால் தள்ளினால்தான் பக்கம் நகரும். ஒலியைக் கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் சேர்த்துச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் அது அணைந்துவிடும். அந்தக் குறுக்குவழிதான் அம்மாவின் பிடியில் தவறுதலாக இயங்கியும் இருக்கும் என்பதால் அணுகல்தன்மைப் பகுதியில் அதையே நீக்கிவிடுங்கள்.

விளம்பரங்களுக்கு அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். விலை குறைந்த பல போன்களில் பூட்டுத் திரையிலேயே வண்ணப் படங்களும் செய்திகளும் வருவது நிறுவனத்துக்கு வருமானம் தரும் ஏற்பாடு. நாம் குறைத்துக் கொடுத்த விலையில் ஒரு பகுதியை அவர்கள் அப்படித்தான் ஈட்டுகிறார்கள். பூட்டுத் திரை அமைப்புகளில் அதை அணைக்கலாம். 'உங்கள் போனில் வைரஸ்' என்று வரும் சிவப்பு எச்சரிக்கைகள் அனேகமாக ஏதோ ஓர் இணையதளத்துக்கு அறிவிப்பு அனுமதி கொடுத்துவிட்டதால் வருபவை. குரோம் உலாவியின் தள அமைப்புகளுக்குள் அறிவிப்புகள் என்ற பகுதியில் எல்லாத் தளங்களையும் தடைசெய்யுங்கள். முகப்பில் ஆறேழு சின்னங்கள் மட்டும் இருக்கட்டும். பிள்ளைகள், மருத்துவர், பக்கத்து வீட்டுக்காரர் ஆகியோரின் எண்களைப் புகைப்படத்தோடு முகப்பிலேயே வைத்தால் ஒரே தொடுதலில் அழைப்பு போகும். எழுத்தளவைப் பெரிதாக்கி, போனின் மொழியை அம்மா படிக்கும் தமிழுக்கு மாற்றிவிடுங்கள். அவருடைய ரத்த வகையையும் நீரிழிவு முதலான விவரங்களையும் அவசரத் தகவல் பகுதியில் ஏற்றினால், போன் பூட்டியிருந்தாலும் பிறர் பார்க்க முடியும்.

சொல்லிக்கொடுக்கும்போது போனை உங்கள் கைக்கு வாங்காதீர்கள். அது அவர் கையிலேயே இருக்கட்டும், அவர் விரலே தொடட்டும். ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

கேள்வி: போனில் தமிழில் எழுத எது எளிய வழி?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியை, மன்னார்குடி

பதில்: கூகுள் விசைப்பலகையான 'ஜிபோர்டு' பெரும்பாலான போன்களில் முன்பே இருக்கும், மொழிகள் பகுதியில் தமிழைச் சேர்த்தால் போதும். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்குவது, விரலால் திரையில் எழுதுவது, பேசி எழுதுவது என மூன்றும் அதில் உண்டு. தமிழில் பேசி எழுதும் வசதி 2017 ஆகஸ்டில் வந்தது. அமைதியான அறையில் நிறுத்தி நிறுத்திப் பேசினால் நன்றாகவே எழுதும், ஆனால் ஒற்று மிகும் இடங்களை நீங்கள்தான் திருத்த வேண்டியிருக்கும்.

ஆயினும் தமிழாசிரியையான உங்களுக்கு எங்கள் பரிந்துரை தமிழ்99 விசையமைப்பு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட இந்த அமைப்பு, தமிழ் எழுத்தின் இயல்பை அறிந்து செய்யப்பட்டது. இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய். மெய்யைத் தொட்டு உயிரைத் தொட்டால் உயிர்மெய். ஒரே எழுத்து இரட்டித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வரும் என்பதால், 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு தொடுதல்களே போதும். 'தங்கம்' என்றால் த, ங, க, ம, புள்ளி. ங-வை அடுத்துக் க வந்ததும் நடுவில் உள்ள ஒற்று தானே அமைந்துவிடும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வருவது இயல்பு என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள், அந்த விதி விசைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' செயலியில் தமிழ்99, ஆங்கில எழுத்துகளின் ஒலிப்படி தட்டும் அஞ்சல் என்ற இரு அமைப்புகளும் கிடைக்கும், விலை குறைந்த போன்களிலும் அது இலகுவாக இயங்கும்.

கேள்வி: 4ஜி போதுமா, 5ஜி போன்தான் வாங்க வேண்டுமா?
— தட்டச்சர், விருதுநகர்

பதில்: பேசவும், செய்தி அனுப்பவும், பணம் செலுத்தவும், காணொளி பார்க்கவும் 4ஜி தாராளமாகப் போதும். 5ஜி வாங்குவதென்றால் ஒன்றைக் கவனியுங்கள். ஜியோ, 4ஜியைச் சாராமல் தனித்தியங்கும் 5ஜி முறையைப் பின்பற்றுகிறது. ஏர்டெல் பெரும்பாலும் 4ஜியின் மேல் அமைந்த முறையைப் பின்பற்றி வந்திருக்கிறது. விலை குறைந்த சில 5ஜி போன்கள் தனித்தியங்கும் முறையை மட்டுமே ஏற்கும், அவற்றில் ஏர்டெல் சிம் போட்டால் பல இடங்களில் 4ஜிதான் கிடைக்கும். உங்கள் சிம்மின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: வேலைக்குப் போகும் பேருந்தில் போன் தொலைந்துவிட்டது. விலை குறைந்த போன்தானே என்று புகார் எடுக்க மாட்டார்கள் என்கிறார்கள்.
— கட்டடத் தொழிலாளி, திருப்பூர்

பதில்: அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். ஒரு மாதச் சேமிப்பில் வாங்கிய பொருள் அது. அதற்கு மேல் உங்கள் எண்ணும், வங்கித் தொடர்பும், வேலை கொடுப்பவர்களின் எண்களும் அதில் இருக்கின்றன. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். சிம்மை முடக்கி அதே எண்ணுக்குப் புதிய சிம் பெறுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். பிறகு தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதத்தில் தொடங்கிய 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில், தொலைந்த போனை முடக்கும் பகுதியில், புகார் நகலையும் அடையாளச் சான்றையும் ஏற்றி விண்ணப்பித்தால், அந்தப் போனை நாட்டின் எந்த நிறுவனச் சிம்மிலும் இயங்காதபடி முடக்கிவிடுவார்கள். யாராவது வேறு சிம் போட்டால் அந்தத் தகவல் காவல்துறைக்குப் போகும். போன் திரும்பக் கிடைத்தால் அதே இடத்தில் முடக்கத்தை நீக்கலாம்.

இதற்கெல்லாம் தேவை, ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண். அது போனின் பெட்டியிலும் கடை ரசீதிலும் இருக்கும், பெட்டியைத் தேடிப் பாருங்கள். இன்னும் போனைத் தொலைக்காத வாசகர்கள் இன்றே அழைப்புத் திரையில் நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் என்று தட்டி, வரும் எண்ணை ரேஷன் அட்டையின் உறையிலோ வங்கிப் புத்தகத்தின் பின்னாலோ எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்கள் வரும், இரண்டையும் எழுதுங்கள். நீங்கள் மாற்றுப் போனாகப் பழையது ஒன்றை வாங்கப் போகிறீர்கள் என்றால், பணத்தைக் கொடுக்கும் முன்னால் அதன் எண்ணையும் இதேபோல் எடுத்து, கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். அது முடக்கப்பட்ட போன் என்று பதில் வந்தால், என்ன விலை சொன்னாலும் வாங்காதீர்கள்.